பேராசிரியர் சேர்த்த ஒரு வார்த்தை

"இவங்களுக்கு இங்கிலீஷ் வராது, ஷமீமா."

தேவசகாயம் கையிலிருந்த தாள்கட்டை மேசையில் வைத்தார். எல்லாத் தாளிலும் சிவப்பு மை.

"நீங்க சொன்னீங்கன்னு எல்லாத்தையும் படிச்சுப் பார்த்தேன். ஒரு பக்கம் தேறாது. இதை வச்சுக்கிட்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, அதை உலகம் படிக்கணுமாம்."

ஷமீமா சிரிக்கவில்லை. மேலே இருந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத் திருத்தியிருக்கீங்க சார்."

"வேற எப்படித் திருத்துவாங்க?"

"இந்தப் பையன் என்ன கண்டுபிடிச்சிருக்கான்?"

தேவசகாயம் வாயைத் திறந்தார். அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு காற்புள்ளியும் அவருக்கு நினைவிருந்தது.

"ஏதோ... மண்ணு."

ஷமீமா தாளைக் கட்டின் மேலேயே திரும்ப வைத்தார்.

"நாளைக்கு என் வகுப்புக்கு வாங்க சார். பின்வரிசையில உட்காருங்க. பேனா வேண்டாம்."

*

தேவசகாயம் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் எல்லாரையும்விட மூத்தவர். கவிதையும் நாடகமும் நடத்துவார். அவர் எதிரே ஆங்கிலம் பேசச் சக பேராசிரியர்களே தயங்குவார்கள். ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் அவர் கண்ணில் படாமல் அச்சுக்குப் போகாது.

ஷமீமா அதே துறைதான். ஏறக்குறைய அவர் மகள் வயது. அறிவியல் துறைகளில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது ஷமீமாவின் வேலை. துறையில் அதைக் கமா போடும் வேலை என்பார்கள். யாரும் அதைக் கேட்டு வாங்கியதில்லை.

இப்போது ஷமீமா நிறைமாதம். பிரசவ விடுப்பில் போகிறார். வகுப்பை யாராவது ஏற்க வேண்டும் என்று துணைவேந்தர் சொன்னபோது எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தேவசகாயம் கையைத் தூக்கினார். ஓய்வு பெறுவதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி காட்டிவிட்டுப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அப்படித்தான் மூத்தவர் இளையவரிடம் கற்க வந்தார்.

*

பின்வரிசையில் உட்கார்ந்தார். பேனா இல்லாமல் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மண்ணியல் மாணவன் ஒருவன் எழுந்து, தான் கண்டதைத் தமிழும் ஆங்கிலமுமாகக் கலந்து சொன்னான்.

ஷமீமா பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார்.

"இசக்கியம்மாள், அவர் என்ன சொன்னார்?"

"எனக்குப் புரியலை மேடம்."

மறுபடியும் சொன்னான்.

"இப்பவும் புரியலை."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மீன்வளத் துறையில் ஆராய்ச்சி செய்பவள். புரியவில்லை என்று சொல்வதற்குக் கொஞ்சமும் கூச்சப்படாதவள். மூன்றாம் தடவை அவன் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினான். அவள் தன் வார்த்தையில் அதைத் திருப்பிச் சொன்னாள்.

"அதுதானா?" என்று ஷமீமா அவனைக் கேட்டார்.

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா எவ்வளவு தூரம்?"

அவன் யோசித்தான். ஒரு சொல்லை மாற்றினான். இசக்கியம்மாள் மறுபடி சொன்னாள்.

"ஆமா," என்றான் அவன். அவன் முகமே மாறிவிட்டது. "அதேதான்."

"எழுதுங்க," என்றார் ஷமீமா.

எல்லாரும் எழுதினார்கள். ஷமீமா ஒரு கையை இடுப்பில் ஊன்றி வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். யார் தாளையும் தொடவில்லை.

வகுப்பு முடிந்ததும் தேவசகாயம் முன்னால் வந்தார்.

"இதுல இங்கிலீஷ் எங்க இருக்கு?"

"வரும் சார்."

"எப்போ?"

"அவங்க சொல்றது எனக்குப் புரிஞ்சப்புறம்."

"புரிஞ்சாத்தான் திருத்தணுமா? பிழைன்னா பிழைதானே."

ஷமீமா ஒரு மாணவரின் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பிழை தெரியுதா சார்?"

"நல்லாத் தெரியுது."

"வாசல்ல யார் நிக்கிறாங்க?"

தேவசகாயம் நிமிர்ந்தார். படிக்கிற கண்ணாடி வழியே வாசலில் ஒரு கலங்கல்தான் தெரிந்தது.

"கண்ணாடியைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினார். தாளில் எழுத்து மங்கியது. வாசலில் அந்த மண்ணியல் மாணவன் தன் தாளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

"என் வயசுக்கு வந்தா உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்," என்றார் தேவசகாயம்.

"இருக்கும் சார்," என்றார் ஷமீமா.

*

விடுப்பு தொடங்கியது. வகுப்பு தேவசகாயத்தின் கைக்கு வந்தது.

முதலில் ஷமீமா செய்த மாதிரியே செய்து பார்த்தார். ஒருவர் சொல்ல, ஒருவர் திருப்பிச் சொல்ல, வகுப்பு சந்தைக்கடை ஆனது. அந்தப் பக்கமாகப் போன டீன் கதவருகே நின்று, "இங்கிலீஷ் வகுப்புன்னு சொன்னாங்களே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தேவசகாயத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் சிவப்புப் பேனாவோடு வந்தார்.

மாணவர்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தாளைக் கொடுத்தால் அடுத்த வகுப்பில் எல்லாம் சரியாகத் திரும்பி வந்தது. மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பார்த்து எழுதினால் போதும்.

வகுப்பு அமைதியானது. அந்த அமைதி அவருக்குப் பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் இசக்கியம்மாள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள்.

உப்பளத்தை ஒட்டி இருக்கும் இறால் குட்டைகளைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. அங்கே சில வருஷங்களாக இறால் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது. ஏன் என்று அவள் பார்த்திருந்தாள். இறால் வளர்ப்பவர்களையும் மீன்வளத் துறை அதிகாரிகளையும் கூப்பிட்டுப் பல்கலைக்கழகம் ஒரு கூட்டம் வைத்திருந்தது. அதில் அவள் வாசிக்க வேண்டிய சுருக்கம் அது. அதிகாரிகள் அதை எடுத்து, கடற்கரை ஊர்களுக்கெல்லாம் அறிவுரையாக அனுப்புவார்கள்.

தேவசகாயம் அதற்குத் தனிக் கவனம் கொடுத்தார்.

பக்கத்தின் நடுவில், முக்கியமான இடத்தில், அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'சால்ட் வென்ட். தென் ப்ரான் டைடு.'

உப்பு போனது. பிறகு இறால் செத்தது.

அவசரத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள் என்று நினைத்தார். 'வென்ட்' பக்கத்தில் 'ஹை' என்று ஒன்றைச் சேர்த்தார். போனது ஏறிப்போனது ஆயிற்று. படித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது. இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாக்கினார். எளிய வார்த்தைகளை எடுத்துவிட்டுக் கனமானவற்றைப் போட்டார். அளவு மீறிய உவர்ப்பே இறால்களின் பெருமளவு மடிவுக்கு ஏதுவாயிற்று என்ற பொருளில், ஏற்ற இறக்கத்தோடு, கோவில் மணி மாதிரி ஒரு வாக்கியம் நின்றது.

இசக்கியம்மாள் அதை வாங்கி நின்ற இடத்திலேயே வாசித்தாள். உதடு அசைந்தது. கொஞ்ச நேரம் ஆனது.

"நன்றி சார்," என்றாள்.

*

ஷமீமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன தேவசகாயம், குழந்தைக்குச் சட்டையும் கைப்பையில் அந்தப் பக்கத்தின் நகலும் கொண்டுபோனார்.

ஷமீமா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வாசித்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார்."

இதற்காகத்தான் அவர் கொண்டுவந்திருந்தார்.

"இந்த வாக்கியம் இசக்கியோடதா?"

"கருத்து அவளோடது. மெருகு என்னோடது."

"பார்த்துட்டு அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? நன்றி சொன்னா."

"வேற எதுவும் கேட்கலையா?"

"இல்லியே."

"புரியலைன்னு சொல்லலையா? ஒரு தடவைகூட?"

"இல்லம்மா. இப்பல்லாம் அவ அப்படிக் கேக்கிறதில்ல. வகுப்பே நல்ல அமைதி."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. குழந்தை முனகியது.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த வாக்கியத்தைத் தமிழ்ல அவகிட்டச் சொல்லுங்க. சொல்லிட்டு அவ முகத்தைப் பாருங்க."

தேவசகாயம் தப்பாகத்தான் நினைத்தார். எத்தனையோ வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். எதிரே வைத்த தேநீரைக் குடிக்காமலே எழுந்தார்.

ஷமீமா வாசல்வரை வந்தார்.

*

இசக்கியம்மாளிடம் கேட்கப் போகக் கூடாது என்றுதான் இருந்தார்.

ஆனால் காலையில் பல் துலக்கும்போதும் அதே கேள்விதான் வந்து நின்றது. ஒரு தடவைகூடவா கேட்கவில்லை? மண்ணியல் மாணவனை அத்தனை பேர் முன்னால் மூன்று தடவை நிறுத்தியவள், தன் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

மறுநாள் கூட்டம். அவர் பேருந்து ஏறிக் குட்டைகள் இருக்கும் ஊருக்குப் போனார்.

இசக்கியம்மாள் வரப்பில் குந்தி, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"சார், நீங்களா? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"இருக்கட்டும். ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

வெயிலில் நின்றபடியே அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னார். கனமான சொற்கள் தமிழில் வரவில்லை. வெறும் விஷயம்தான் வந்தது.

"உப்பு ரொம்ப ஏறினதால இறால் செத்துச்சு. இதானே?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் குட்டையைப் பார்த்தாள்.

"சார் எழுதினா சரியாத்தான் இருக்கும்."

"நான் எழுதினதைக் கேக்கலை. நீ பார்த்தது இதுவா?"

குட்டையில் எதுவோ ஒரு முறை துள்ளியது.

"இல்ல சார்."

"அப்போ?"

"உப்பு ஏறும்போது சாகலை. வெயில் காலம் முழுக்க ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. இளைச்சுது, ஆனா தாங்கிக்கிச்சு. முதல் மழை விழுந்து உப்பு சட்டுன்னு இறங்குச்சு பாருங்க, அப்பத்தான் செத்துச்சு. எல்லாக் குட்டையிலயும் அப்படித்தான்."

"உப்பு போனப்ப."

"ஆமா சார். போனப்ப."

'வென்ட்.' அவள் எந்த வார்த்தையையும் விடவில்லை.

"நாளைக்கு அந்த மனுஷங்க முன்னால என் வாக்கியத்தை வாசிச்சா என்ன ஆகும்?"

அவள் தயங்கினாள்.

"இப்பவே அவங்க உப்புதான் கொல்லுதுன்னு நினைக்கிறாங்க சார். அதனால வெயில் ஏறினா பயந்துபோய் மோட்டாரைப் போட்டு நல்ல தண்ணியை மொத்தமா இறைச்சு விடுறாங்க. அந்த மழை செய்யறதை இவங்களே செய்யறாங்க. நாளைக்கு அதை வாசிச்சா..."

"சொல்லு."

"இன்னும் இறைப்பாங்க."

தேவசகாயம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் சேறு பட்டது.

"இது தெரிஞ்சும் எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

அவள் தேடித் தேடிப் பேசினாள்.

"நீங்க போட்ட வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் பார்த்தேன் சார். நான் சொன்னது இல்லையேன்னு பட்டுச்சு. ஆனா நீங்க எழுதியிருக்கீங்க. இங்கிலீஷ்ல இதை இப்படித்தான் சொல்லணும் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவருக்கு முன்னால் எத்தனை பேர் தாளை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு மோட்டார் கொட்டகையின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"முதல்லேருந்து சொல்லு," என்றார்.

அவள் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார்.

"அப்படி இல்ல சார்."

மறுபடி சொன்னார்.

"கிட்ட வந்துட்டீங்க. ஆனா 'மழையால'ன்னு சொல்லாதீங்க. மழை ஒண்ணும் பண்ணலை. சட்டுன்னு இறங்கினதுதான். மெதுவா இறங்கின ஒரு குட்டையில சாகலை."

"சட்டுன்னு."

"அதான் சார் முக்கியம்."

அவருக்கு வியர்த்தது. இறாலைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது, இத்தனை நாள் ஒரு தடை என்று தோன்றாமல் போனதே என்று இருந்தது. அவள் கை வெயிலில் கறுத்திருந்தது. எத்தனை மத்தியானங்கள் இந்த வரப்பில் குந்தியிருந்து இந்த ஒரு 'சட்டுன்னு'வைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தார்.

வெயில் சாயும்போது, "இதேதான் சார்," என்றாள்.

"எழுது," என்றார்.

அவள் எழுதினாள். காலத்தைக் காட்டும் விகுதி ஒன்று விட்டுப்போயிருந்தது. ஒரு இடத்தில் ஒருமை பன்மை ஆகியிருந்தது. இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். அவளே மாற்றினாள்.

*

பேருந்து நிறுத்தத்திலிருந்து ஷமீமாவைக் கூப்பிட்டார். நடந்ததை எல்லாம் சொன்னார். தன் வாக்கியம் என்ன செய்திருக்கும் என்பதைச் சொன்னார். ஓய்வு பெறும் வயதில் இது தெரியவந்ததைச் சொன்னார்.

ஷமீமா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"இப்ப எப்படி எழுதியிருக்கு சார்?"

படித்துக் காட்டினார். சின்னச் சின்ன வாக்கியங்கள்.

"எனக்குப் புரியுது," என்றார் ஷமீமா.

"இது போதுமா? எனக்கு இன்னும் ஏதாவது..."

"பாப்பா பசிக்கு அழுறா சார். வச்சிடட்டுமா?"

*

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், மீன்வளத் துறையின் பெரிய அதிகாரி அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த தேவசகாயத்தின் பக்கம் சாய்ந்தார்.

"நீங்க பார்த்துக் கொடுத்ததுன்னு சொன்னாங்களே, பேராசிரியரே."

"ஆமா."

"ரொம்பச் சாதாரணமா இருக்கே. கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல போட்டிருக்கலாம்."

தேவசகாயம் தன் வாழ்நாளில் கேட்டிராத குறை அது.

"இதுதான் சார் நல்ல இங்கிலீஷ்," என்றார் தேவசகாயம்.

அதிகாரி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்.

இசக்கியம்மாள் மேடை ஏறினாள். முதலில் ஆங்கிலத்தில் வாசித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அவள் பார்த்ததைத்தான் சொன்னாள்.

"உப்பு ஏறினப்ப இறால் சாகலை."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. யாரோ, அதெப்படி, என்றார்கள்.

"உப்பு சட்டுன்னு இறங்கினப்ப செத்துச்சு. மழையில இறங்கினாலும் சரி, நாம நல்ல தண்ணியை இறைச்சு விட்டு இறங்கினாலும் சரி."

சலசலப்பு அடங்கியது.

நடுவரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். ஜன்னல் திறந்திருந்தது. வராந்தாவில் அவர் கைப்பேசியில் பேசுவது உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

"ஏலே, மோட்டாரை அமத்து... அதெல்லாம் வந்து சொல்லுதேன். முதல்ல அமத்து."

இசக்கியம்மாள் அவர் பேசி முடிக்கும்வரை நின்றாள்.

பிறகு அடுத்த வரியை வாசித்தாள்.